மெய் அட்டவணை

மெய் அட்டவணை என்பது, ஒரு கூட்டுக் கூற்று எந்நிலைகளில் மெய்யாகும், எந்நிலைகளில் பொய்யாகும் என்பதை முழுமையாகக் காட்டும் அட்டவணை ஆகும். எமில் போஸ்ட், லுட்விக் விட்கென்ஸ்டைன் ஆகியோர் 1921 இல் தனித்தனியே வெளியிட்ட படைப்புகளால் இது பரவலாயிற்று.

க, ச ஆகிய இரு தனிக்கூற்றுகளுக்கு 4 வரிசைகள் தேவை.

க | ச | க எனில் ச
மெய் | மெய் | மெய்
மெய் | பொய் | பொய்
பொய் | மெய் | மெய்
பொய் | பொய் | மெய்

கற்போரைக் குழப்புபவை இறுதி இரு வரிசைகளே. "மழை பெய்தால் தரை நனையும்" என்ற கூற்றை மழையற்ற நாள் எதுவும் பொய்யாக்குவதில்லை. தரை நனைந்திருப்பதைக் கொண்டு மழை பெய்தது என முடிவு செய்வது பிழை என்பதை மூன்றாம் வரிசை காட்டுகிறது. அங்கு எடுகோள்கள் இரண்டும் மெய், முடிவோ பொய். தண்ணீர் தெளித்த வாசலும் நனைந்தே இருக்கும்.

தனிக்கூற்று ஒன்று கூடுந்தோறும் வரிசைகள் இரட்டிக்கும். 30 தனிக்கூற்றுகளுக்கு 107 கோடிக்கும் மேல்.