தொலைக்காட்சித் தொடர் எழுத்துக் குழு

தொலைக்காட்சித் தொடர் எழுத்துக் குழு என்பது, ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும் நெடுந்தொடர் ஒன்றின் கதை, திரைக்கதை, வசனம் ஆகியவற்றைப் பகிர்ந்து எழுதுவோரைக் குறிக்கும். இதில் இடையில் சேருபவர் தமது சொந்தக் கதையை எழுதுவதில்லை. பிறர் படைத்த பாத்திரங்களை, அவை முன்பு பேசியவாறே பேசவைக்கக் கற்க வேண்டியவராகிறார்.

வரலாறு

இந்தியாவின் முதல் நெடுந்தொடராகக் கருதப்படும் ஹம் லோக் (1984–1985) மனோகர் சியாம் ஜோஷி என்னும் ஒருவரால் எழுதப்பட்டது. தமிழில் 1990களில் வெளிவந்த மர்மதேசம் தொடருக்கு இந்திரா சௌந்தர்ராஜன் கதை எழுதினார். வாரத் தொடர் என்பதால் ஒருவரே எழுதுவது இயல்வதாக இருந்தது. சித்தி (1999–2001), மெட்டி ஒலி (2002–2005) போன்ற நாள் தொடர்கள் பெருகியபின் வாரத்திற்கு ஐந்து பகுதிகள் தேவைப்பட்டன. கோலங்கள் (2003–2009) 1500க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. இவ்வளவையும் ஒரு கை எழுதுவது அரிது.

கற்கும் முறை

அமெரிக்காவில் எழுத்தாளர்கள் ஓர் அறையில் கூடிக் கதையை வகுப்பது வழக்கம். அங்கு வாய்ப்புத் தேடும் புதியவர், ஏற்கனவே ஓடும் தொடர் ஒன்றுக்கு யாரும் கேட்காமலே மாதிரிப் பகுதி எழுதிக் காட்டும் மரபும் உண்டு. தமிழில் கதை, திரைக்கதை, வசனம் என்பன தனித்தனிப் பொறுப்புகளாகப் பெயர்ப்பட்டியலில் இடம்பெறுகின்றன. புதியவர்கள் பெரும்பாலும் உதவியாளராகச் சேர்ந்து வேலையின் ஊடாகவே கற்கின்றனர்.

முந்தைய பகுதிகளைப் பார்ப்பதே முதற்பாடம். எந்த இரகசியம் யாருக்குத் தெரியும், யார் யாரை 'அண்ணி' என்பார், யார் பெயர் சொல்லி அழைப்பார் என்பவை பிழையின்றி நினைவில் இருத்தல் வேண்டும். பேச்சு வழக்கும் அவ்வாறே. ஆழ்வார்திருநகரியில் பிறந்ததாகக் காட்டப்பட்ட ஒரு பாத்திரம் நேற்று 'அவிய' என்று நெல்லை வழக்கில் பேசிவிட்டு, இன்று சென்னை வழக்கில் 'அவங்க' என்றால், தாமிரபரணிக் கரைப் பார்வையாளர் உடனே கண்டுகொள்வர். எழுதுபவர் மாறியது பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது என்பதே இத்தொழிலின் கடினமான பகுதி எனலாம்.

எதிர்நீச்சல்

திருச்செல்வம் இயக்கிய எதிர்நீச்சல் (2022–2024) தொடருக்கு ஸ்ரீவித்யா வசனம் எழுதினார். அதில் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று திடீரெனக் காலமானார். வீட்டுப் பெண்களை அவர் அதட்டும் தொனி அதற்குள் ஊரெங்கும் பரவியிருந்தது. கதை முழுவதும் அந்த ஒரு மனிதரின் அதிகாரத்தை எதிர்த்தே அமைந்திருந்ததால், பாத்திரத்தை நீக்குவது எளிதன்று. குணசேகரன் வீட்டைவிட்டுச் சென்றுவிட்டதாகக் கதை சிறிதுகாலம் நகர்த்தப்பட்டது. பின்னர் அப்பாத்திரத்தை ஏற்ற வேல ராமமூர்த்தி, குற்றப் பரம்பரை நாவலை எழுதியவர்.