அனுபவம் கேட்கும் வாசல்: சதுரங்கப்பட்டினம் முதல் மணமை வரை

மாமல்லபுரம் என்றதும் எல்லோருக்கும் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் போனால் மணமை என்று ஒரு ஊர். அங்கே கிரேட் லேக்ஸ் என்ற பிசினஸ் ஸ்கூல் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தெற்கே கல்பாக்கம், அதை ஒட்டி சதுரங்கப்பட்டினம். ஆங்கிலேயர் வாயில் 'சத்ராஸ்' ஆகிப் போன இந்த ஊரில் டச்சுக்காரர்களின் பழைய கோட்டை ஒன்று சிதைந்து நிற்கிறது.

ஒரு பக்கம் எம்.பி.ஏ. பாணிப் படிப்பு, இன்னொரு பக்கம் இடிந்த கோட்டை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் பி.காம். கடைசி வருடம் படிக்கும் ஒருவர் பிசினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை வருட வேலை அனுபவம்?" இந்தக் கேள்விக்கு இந்தக் கடற்கரையில் முன்னூறு வருடத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

முதலில் கோட்டைக்காரர்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் தொடங்கியது. பொதுமக்களுக்குப் பங்கு விற்று, அந்தப் பங்குகள் ஆம்ஸ்டர்டாமில் கைமாறவும் வழி செய்த கம்பெனி அது. (கார்ப்பரேட் அக்கவுண்டிங் பாடத்தின் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்!) சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் வாங்கியது முக்கியமாகத் துணி. சுற்றுவட்டார நெசவாளர்கள் நெய்த துணி இங்கிருந்து கப்பலேறியது. கம்பெனிக்குள் படிநிலை தெளிவாக இருந்தது. உதவியாளர், இளநிலை வணிகர், வணிகர், முதுநிலை வணிகர். கீழே சேர்ந்து, கணக்கெழுதி, மேலே ஏற வேண்டும்.

சென்னையில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனியும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே கீழ்ப்படியின் பெயர் 'ரைட்டர்', அதாவது எழுத்தர். பிறகு ஃபேக்டர், இளநிலை வணிகர், முதுநிலை வணிகர். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் லண்டனிலிருந்து ரைட்டராகக் கப்பலேறினார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அத்தனை பேரும் 'பிரஷர்'கள்.

சுவாரசியமான விஷயம் என்னவென்றால், அந்தப் பையன்களின் விண்ணப்பங்கள் இன்றும் இருக்கின்றன. 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ரைட்டர் வேலை கேட்டு வந்த மனுக்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மனுவோடு என்ன இணைக்க வேண்டும்? வயதைக் காட்ட ஞானஸ்நானச் சான்று. அடுத்து, படித்ததற்கான சான்று. அதில் பலரும் காட்டியது வணிகர் கணக்கும் புத்தகப் பதிவும் கற்றுக்கொண்டதாக ஆசிரியர் எழுதித் தந்த கடிதம். அதாவது இன்றைய பி.காம். முதலாண்டுப் பாடம்! இதோடு நன்னடத்தைக்குப் பிணை நிற்க ஆட்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பெனி இயக்குநர் ஒருவரின் சிபாரிசு வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையில் வேலை வாங்கித் தந்தது. மற்றதெல்லாம் காகிதம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் எலிஹு யேல். 1672-ல் ரைட்டராகச் சென்னைக்கு வந்து 1687-ல் கவர்னரே ஆனவர். சம்பளம் சொற்பம்தான், சொந்த வியாபாரத்தில்தான் பணம் குவித்தார். அந்த வியாபாரம் பற்றிய குற்றச்சாட்டுகளால் 1692-ல் பதவி போனது. அவர் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக அடிமைகளும் ஏற்றுமதி ஆனார்கள் என்பதை மறந்துவிட்டு அவர் கதையைச் சொல்லக்கூடாது. 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு அவர் ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கை விற்று வந்த பணம் 562 பவுண்டு. கல்லூரிக்கு அவர் பெயரே வைத்துவிட்டார்கள். இந்த யேல் மறுபடி வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்கு ஒரு கட்டத்தில் ஞானம் பிறந்தது. வெறும் கணக்குத் தெரிந்த பையன் போதாது, படித்துவிட்டு வரட்டும் என்று 1806-ல் இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கல்லூரியைத் தொடங்கினார்கள். பின்னாளில் ஹெய்லிபரி என்று பெயர் பெற்றது அதுதான். அரசியல் பொருளாதாரம் சொல்லித் தந்தவர், மக்கள்தொகைக் கோட்பாட்டுக்குப் பெயர் போன மால்தஸ். சென்னையில் 1812-ல் எல்லிஸ் முன்னின்று தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இளம் அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் கற்றார்கள். "முதலில் வேலை, அதிலேயே படிப்பு" என்பது மாறி "முதலில் படிப்பு, பிறகு வேலை" என்றானது இப்படித்தான்.

ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு வாசலும் கிடையாது. செங்கல்பட்டுப் பகுதியையே 1763-ல் நவாபிடமிருந்து ஜாகீராக வாங்கிக்கொண்ட கம்பெனியில், இங்கே பிறந்தவர் ரைட்டராக முடியாது, துபாஷி ஆகலாம். மொழிபெயர்ப்பாளர், தரகர், கணக்குப்பிள்ளை, கடன் ஏற்பாட்டாளர் எல்லாம் சேர்ந்த வேலை அது. பச்சையப்ப முதலியார் அப்படிப் பொருள் சேர்த்தவர். 1794-ல் நாற்பது வயதில் இறந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்து நெடுங்காலம் வழக்கில் கிடந்து, கடைசியில் 1842-ல் ஒரு பள்ளிக்கூடமாக மாறியது. அதே அறக்கட்டளை 1886-ல் சென்னையில் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவில் முறையான வணிகக் கல்வியின் தொடக்கமாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். தொழிலிலேயே தொழில் கற்ற ஒருவரின் பணம், அனுபவம் இல்லாத பையன்களுக்குக் கணக்குப் பாடமாக மாறியது என்பது உண்மையிலேயே அழகான விஷயம். பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி வந்தது 1913-ல்தான்.

இதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது? 1881-ல் வார்ட்டன், 1900-ல் டார்ட்மவுத்தில் டக் பள்ளி, 1908-ல் ஹார்வர்ட். எம்.பி.ஏ. என்ற பட்டம் ஹார்வர்டில்தான் பிறந்தது. முதல் வருடம் சேர்ந்தவர்கள் 33 முழுநேர மாணவர்கள், 47 சிறப்பு மாணவர்கள். பட்டம் வாங்கிய கையோடு வந்து சேர்வது அப்போது சகஜம். வேலை பார்த்துவிட்டு வந்தால்தான் வகுப்பு விவாதம் உருப்படும் என்ற எண்ணம் மெல்ல மெல்ல வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிட்டத்தட்ட சட்டம் போல ஆனது. எம்.பி.ஏ. என்றாலே அனுபவம் வேண்டும் என்று இன்று அடித்துச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் வந்தன. முன்னதற்கு எம்.ஐ.டி.யின் துணை, பின்னதற்கு ஹார்வர்டின் துணை. இரண்டும் புதுப் பட்டதாரிகளுக்குக் கதவைத் திறந்தே வைத்தன. அமெரிக்கா பிறகு மாறியது, இந்தியா மாறவில்லை. இன்றும் கேட் தேர்வு எழுத வேலை அனுபவம் தேவையில்லை. பட்டப்படிப்பில் 50 சதவீதம் (பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45) போதும். கடைசி வருட மாணவர்களும் எழுதலாம்.

தமிழ்நாட்டுக்குத்தான் ஐ.ஐ.எம். வர இவ்வளவு காலம் ஆனது. பெங்களூருக்கு 1973, கோழிக்கோட்டுக்கு 1996, திருச்சிக்கு 2011! அதுவரை இங்கே இருந்தவை 1970-ல் தொடங்கிய ஐ.எஃப்.எம்.ஆர்., 1979-ல் லயோலா வளாகத்தில் தொடங்கிய லிபா, பல்கலைக்கழகத் துறைகள், பிறகு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் வழியாகச் சேரும் கல்லூரிகள். இந்த இடைவெளியில்தான் மணமை வருகிறது.

பாலா வி. பாலச்சந்திரன் 1937-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1967-ல் அமெரிக்கா போனார். கார்னகி மெலனில் முனைவர் பட்டம், 1973-லிருந்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் பள்ளியில் கணக்கியல் பேராசிரியர். ஆமாம், கணக்கியல்! மார்க்கெட்டிங் ஆட்கள்தான் மேடையில் பேசுவார்கள், கணக்குப் படித்தவன் மூலையில் உட்காருவான் என்று நினைக்கும் பி.காம். மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். குர்கான் எம்.டி.ஐ., ஹைதராபாத் ஐ.எஸ்.பி. ஆகியவற்றின் உருவாக்கத்திலும் அவர் பங்கு உண்டு. 2001-ல் பத்மஸ்ரீ. 2021 செப்டம்பரில் காலமானார்.

அவர் 2004-ல் சென்னை சைதாப்பேட்டையில் கிரேட் லேக்ஸைத் தொடங்கினார். ஒரே வருடப் படிப்பு, பி.ஜி.பி.எம். என்று பெயர். ஐ.எஸ்.பி. 2001-ல் காட்டிய வழி அது. வேலை பார்த்தவர்களைக் கூட்டி ஒரே வருடத்தில் பிழிந்து அனுப்புவது. அந்த டிசம்பர் 26-ல்தான் சுனாமி. மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கியபோது பழைய கட்டுமானங்கள் வெளியே தெரிந்ததும், அடுத்த வருடம் தொல்லியல் துறையும் கடற்படையும் கடலடியில் தேடியதும் பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் கடற்கரைக்குத்தான் பள்ளி பிற்பாடு இடம் பெயர்ந்தது. மணமையில் எழுந்த பசுமை வளாகம் லீட் பிளாட்டினம் சான்று பெற்றது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆய்வு மையங்களும் வைத்தார்கள். அதில் ஒன்று யேலோடு. ரைட்டர் யேல் சொன்னபடி திரும்பி வந்துவிட்டார்! (அந்த யேல் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியே 'சில்வர் ஸ்காலர்ஸ்' என்ற பெயரில் அனுபவம் இல்லாத புதுப் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்கிறது என்பது தனி வேடிக்கை.)

கர்ம யோகா என்ற பெயரில் மாணவர்கள் சுற்றுக் கிராமங்களுக்குப் போய் வேலை செய்வது கிரேட் லேக்ஸ் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. நல்ல விஷயம்தான். ஆனால் செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்த ஒரு திருக்கழுக்குன்றத்துப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவர் ஊருக்குப் பிசினஸ் ஸ்கூல் மாணவர்கள் வருவார்கள், அவர் அந்த வாசலுக்குள் விண்ணப்பதாரராகப் போக முடியாது. இரண்டு வருடம் நல்ல நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்கு அந்த இரண்டு வருடம் கேம்பஸிலேயே கிடைத்தது. 2000-களில் ஐ.டி. கம்பெனிகள் அவர்களைப் பஸ் பஸ்ஸாக அள்ளிப் போயின. பழைய மாமல்லபுரம் சாலையே அதற்குச் சாட்சி. பி.காம். படித்தவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஆடிட்டர் ஆபீஸ் அல்லது கால் சென்டர். ஆக, "அனுபவம்" என்பது பார்க்க நடுநிலையான அளவுகோல், உள்ளே இருப்பது பழைய இயக்குநர் சிபாரிசின் இன்னொரு வடிவம் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

2010-களில் நிலைமை மாறியது. கிரேட் லேக்ஸ் இரண்டு வருட பி.ஜி.டி.எம். தொடங்கி, அனுபவம் இல்லாதவர்களையும் குறைந்த அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்தது. ஐ.எஸ்.பி.யும் படிக்கும்போதே இடம் தரும் திட்டம் கொண்டுவந்தது. ஹார்வர்ட் 2007-லேயே '2+2' என்று அறிவித்திருந்தது. இப்போதே இடம், இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து சேர் என்று. ஐரோப்பாவில் புதுப் பட்டதாரிகளுக்கென்றே மேலாண்மை முதுகலைப் படிப்புகள் பெருகின. வேறொரு பக்கம், ஐ.ஐ.எம்.களின் வகுப்பறைகளில் பொறியாளர்களே நிறைந்திருந்ததால் பொறியியல் அல்லாதவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் முறை சில ஐ.ஐ.எம்.களில் வந்தது. பி.காம். பட்டம் முதல் தடவையாக ஒரு சாதகமாக ஆனது.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு முள். அமெரிக்காவில் இளநிலை நான்கு வருடம், இங்கே பி.காம். மூன்று வருடம். பல பல்கலைக்கழகங்கள் பதினாறு வருடக் கல்வி கேட்பதால், அதற்காகவே எம்.காம். படித்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் எம்.காம். பாடத்தைப் படித்தார்களா, வருடக் கணக்கைச் சரிக்கட்டினார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

அடுத்தது பணம். ரைட்டருக்குப் பிணை நின்றதைப் போல இப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். 2001-ல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம் வரை, அதில் 4 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம் என்று இருந்தது. நல்ல பிசினஸ் ஸ்கூல் கட்டணம் அந்த எல்லைகளை வெகு சீக்கிரம் தாண்டிவிட்டது. ஈட்டுக்குக் காட்டப் பட்டா இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு 4 லட்சத்துக்கு மேல் கடன் வாங்குவது கடினமாக இருந்தது. 2015-ல் 7.5 லட்சம் வரை ஈடில்லாக் கடனுக்கு உத்தரவாத நிதி வந்தது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த சுமார் 860 கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் என்கிறார்கள். சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

இன்றைய விண்ணப்பம் இப்படிப் போகும். நவம்பர் கடைசியில் கேட், ஜனவரியில் சேட் எனப்படும் எக்ஸ்.ஏ.டி., பிறகு கட்டுரை, நேர்முகம். அனுபவம் இல்லாதவரிடம் நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? பெரும்பாலும் அவர் படித்த பாடத்தைத்தான். தேய்மானத்தை ஏன் கணக்கில் எடுக்கிறோம், நற்பெயருக்கு எப்படி விலை போடுவது, நடப்பு மூலதனம் என்றால் என்ன என்று அடிப்படையிலிருந்து ஆரம்பிப்பார்கள். கம்பெனிக் காலத்துப் பையன்கள் மனுவோடு கட்டிக் கொடுத்த அதே வணிகர் கணக்கு!