இரைச்சலோடு பிறந்த வண்டி ரேடியோ

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்தை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ராயப்பன்பட்டி. பக்கத்திலேயே சண்முகா நதி அணை. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் பகுதி இது. இந்தப் பள்ளத்தாக்கின் சாலைகளில் இரண்டு வகை வண்டிகளை அதிகம் பார்க்கலாம். ஒன்று, பழமும் காய்கறியும் ஏற்றிப் போகும் லாரி. மற்றொன்று, ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரள மலைக்குப் போகும் ஜீப்.

இரண்டிலுமே ஓட்டுநருக்குத் துணை ஒரு பாட்டுப்பெட்டி. பெரும்பாலும் அது வண்டியோடு வந்தது அல்ல. பிறகு கடையில் வாங்கிப் பொருத்தியது. அங்கேதான் தொல்லையும் தொடங்குகிறது. வண்டியைக் கிளப்பினால் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம். சத்தத்தைக் கூட்டினால் செட் அணைந்துவிடுகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் பேட்டரி காலி!

இவையெல்லாம் நேற்று முளைத்த கோளாறுகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த காலம் உண்டு. அந்தக் காலத்தைத் தெரிந்துகொண்டால் எந்த வயரைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பொறியே எதிரி

வானொலியின் வரலாறு ஒரு மின்பொறியில் தொடங்குகிறது. ஜெர்மனியின் ஹென்ரிச் ஹெர்ட்ஸ் 1887-88 ஆண்டுகளில், மின்பொறி தாவும்போது கண்ணுக்குத் தெரியாத அலைகள் கிளம்புவதைச் சோதனையில் காட்டினார். மார்க்கோனியின் முதல் கம்பியில்லாத் தந்திக் கருவிகளும் பொறியை வைத்தே வேலை செய்தன.

பெட்ரோல் என்ஜினுக்குள் நடப்பதும் இதே வேலைதான். ஸ்பார்க் பிளக்கில் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். ஆகவே காருக்குள் வானொலி வைக்க முயன்றவர்களுக்குப் பாட்டுக்கு முன்னால் 'டக டக' என்ற இரைச்சல்தான் கேட்டது.

இதைச் சமாளித்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருந்த கால்வின் சகோதரர்கள். பால் கால்வினும் ஜோசப் கால்வினும் 1928-ல் ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டியை வீட்டு மின்சாரத்தில் ஓட வைக்கும் கருவிதான் அவர்களது முதல் சரக்கு. 1930-ல் கார் ரேடியோவுக்கு வந்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா!

அந்த நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வதுண்டு. கடன் கேட்கப் போன பால் கால்வின், வங்கிக்காரரின் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்ததாம். கடன் கிடைக்கவில்லை! கதை எவ்வளவு தூரம் உண்மையோ, வயரைத் தவறாக இழுத்தால் என்ன ஆகும் என்பதை முதல் தலைமுறையே உணர்ந்திருந்தது என்பது மட்டும் உறுதி.

பொறி இரைச்சலுக்கு மருந்து எளிமையானது. ஸ்பார்க் பிளக் வயரில் ஒரு ரெசிஸ்டர், டைனமோவில் ஒரு கண்டென்சர். இன்றும் பெட்ரோல் வண்டியில் இதே மருந்துதான். ஆனால் பள்ளத்தாக்கில் ஓடும் ஜீப்புகளில் பெரும்பாலானவை டீசல். டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அப்படியானால் 'ங்ஙொய்' எங்கிருந்து வருகிறது? ஆல்டர்னேட்டரிலிருந்து. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தமும் மேலே ஏறினால் அதுவேதான். அப்போது ஏரியல் வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் அது ஏரியல் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் கரண்ட் வயரிலோ எர்த்திலோ கோளாறு.

ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு

அந்தக் கால வானொலியில் வால்வுகள் இருந்தன. வால்வுக்கு 200 வோல்ட் அளவில் மின்சாரம் வேண்டும். காரில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. முதலில் தனி பேட்டரிகளைப் பெட்டியில் அடைத்து வண்டிக்கு அடியில் வைத்தார்கள். பிறகு 'வைப்ரேட்டர்' வந்தது. விடாமல் துடிக்கும் ஒரு சிறு தகடு, 6 வோல்ட்டை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும். துடித்துத் துடித்தே அதன் முனைகள் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும், ஃபியூஸ் போகும். அன்றைய மெக்கானிக் முதலில் கழற்றிப் பார்த்தது இந்த வைப்ரேட்டரைத்தான்.

ஐரோப்பாவில் 1932-ல் புளாபுங்க்ட் நிறுவனம் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. அதன் விலை ஒரு காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு! 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1955-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்களுக்காக ஃபில்கோ நிறுவனம் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன ரேடியோவைச் செய்தது. வால்வும் வைப்ரேட்டரும் மெல்ல விடைபெற்றன. அதே பத்தாண்டில் அமெரிக்கக் கார்களும் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின.

ஆனால் வோல்ட் பிரச்சினை லாரியில் இன்றும் தொடர்கிறது. பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். கடையில் கிடைக்கும் செட் பெரும்பாலும் 12 வோல்ட். குறுக்கு வழியாகச் சிலர் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து செட்டுக்கு வயர் இழுத்துவிடுகிறார்கள். பாட்டு நன்றாகத்தான் பாடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் காலியாகிக்கொண்டே வரும். மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும். கடைசியில் இரண்டுமே கெடும். 24-ஐ 12 ஆக மாற்றும் கன்வெர்ட்டர் போடுவதே சரியான வழி.

எர்த் என்னும் பாதி

வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு வயர் இழுப்பதில்லை. போகும் வழிக்குத்தான் வயர்; திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடம்பு. இதுதான் எர்த். எந்த முனையை உடம்போடு சேர்ப்பது என்பதில் உலகம் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. 1950களின் பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனையே உடம்போடு சேர்ந்திருந்தது. நம் அம்பாசிடருக்குத் தாயான மோரிஸ் ஆக்ஸ்போர்டும் அந்த வழிதான். வால்வு செட்டுகள் இதைப் பொறுத்துக்கொண்டன. டிரான்சிஸ்டர் பொறுக்காது, மாற்றிக் கொடுத்தால் அடுத்த நொடி உயிரை விடும். 1960களுக்குப் பிறகு ஆல்டர்னேட்டர் பரவியபோது நெகட்டிவ் எர்த் பொதுவாகிவிட்டது.

இன்றைய தொல்லை துரு. பக்கம் திறந்த ஜீப், மலைச்சாரல், செம்மண் புழுதி மூன்றும் சேர்ந்தால் எர்த் போல்ட்டுக்குக் கீழே துரு பிடிக்காமல் என்ன செய்யும்? செட் பாடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை செட்டின் இரும்புக் கூட்டிலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயிண்டையும் துருவையும் சுரண்டி, பளபளவென்ற இரும்பில் போல்ட்டை முடுக்கினால் பாதித் தொல்லை அங்கேயே முடிந்துவிடும். சத்தத்தைக் கூட்டும்போது செட் அணைவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஸ்பீக்கரிலும் இதே பாடம் உண்டு. பழைய செட்டுகளில் ஸ்பீக்கரின் ஒரு வயரை உடம்போடு சேர்த்துவிடுவார்கள். பின்னால் வந்த செட்டுகளில் சத்தத்தைப் பெருக்குவதற்காக ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் கரண்ட் வரும்படி அமைத்தார்கள். பழைய வயரிங்கில் புதிய செட்டைப் போட்டு ஒன்றை எர்த் செய்தால் செட் மூச்சு விடாது. சில நேரம் நிரந்தரமாகவே!

மஞ்சளும் சிவப்பும்

கேசட் 1963-ல் பிலிப்ஸ் நிறுவனத்தில் பிறந்து, பின் காருக்குள்ளும் ஏறியது. அதன் பிறகு வந்த டிஜிட்டல் செட்டுகளுக்கு ஞாபக சக்தி வந்தது. நிலையங்களையும் மணியையும் நினைவில் வைக்க, சாவியை எடுத்த பிறகும் அவற்றுக்குச் சிறிது மின்சாரம் வேண்டும். அதற்குத்தான் மஞ்சள் வயர். அது எப்போதும் பேட்டரியோடு இருக்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும். கறுப்பு, எர்த். ஸ்பீக்கர்களுக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ்.

வயரை வெட்டி முறுக்கும் வேலையைக் குறைக்க 1990களில் ஐஎஸ்ஓ 10487 என்ற பொது இணைப்பான் வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. சில ஐரோப்பியக் கார்களில் மஞ்சளின் இடமும் சிவப்பின் இடமும் மாறியிருக்கும். அப்படிப் பொருத்தினால் சாவியை எடுத்தவுடன் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும்! மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்தால் வேறு தொல்லை. செட்டை அணைக்க மறந்த இரவில் பேட்டரி காலியாகும். தோட்டத்து வேலை முடிந்து மலையில் ஆட்கள் காத்திருக்கும் மாலையில் ஜீப் கிளம்பாவிட்டால், அது பாட்டுப்பெட்டிக் கோளாறு மட்டும் அல்லவே.

மலையா, வயரா?

எல்லாப் பழியையும் வயர் மேல் போடவும் கூடாது. திருச்சி வானொலி 1939-லும், மதுரை வானொலி 1987-லும் தொடங்கின. இவற்றின் மத்திய அலை நிலத்தை ஒட்டித் தவழ்ந்து வரும். ஆனால் இரைச்சலையும் சேர்த்துக்கொண்டு வரும். பண்பலை அப்படி அல்ல. ஒலி அலையின் உயரத்தில் இல்லாமல் அதன் அதிர்வெண்ணில் ஒளிந்திருப்பதால் பொறி இரைச்சல் அதை எளிதில் தீண்டாது. ஆனால் அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலை மறித்தால் மங்கிவிடும். 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் கொடைக்கானல் பண்பலை மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கிற்குத் தெளிவாக இறங்குகிறது. கம்பம் மெட்டு ஏறி மறுபக்கம் இறங்கும்போது அது தேய்ந்தால் செட்டைத் திட்டிப் பயனில்லை. இடம் மாறும்போது மாறும் கோளாறு மலையுடையது. என்ஜின் வேகத்தோடு மாறும் கோளாறு வண்டியுடையது.

ஃபியூஸ் யாரைக் காக்கிறது?

செட்டைக் காக்கத்தான் ஃபியூஸ் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது வயரை. 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஷார்ட் ஆகும்போது வண்டி பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் அது உருகி வழியை அடைத்துவிடும். அதன் இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றியிருந்தால் உருகுவது வயரின் தோல்தான். அடுத்து எரிவது வண்டி. பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். பழைய ஃபியூஸ் எத்தனை ஆம்பியரோ புதியதும் அத்தனையே. மறுபடியும் போனால் ஏன் போனது என்று தேட வேண்டுமே தவிர, பெரிய ஃபியூஸைத் தேடக் கூடாது.

சிகாகோவில் 1930-ல் தொடங்கிய அந்த வேலை இன்னும் முடியவில்லை. பொறி போய் ஆல்டர்னேட்டர் வந்தது, வைப்ரேட்டர் போய் கன்வெர்ட்டர் வந்தது, கேசட் போய் ப்ளூடூத் வந்தது. எர்த்தும் ஃபியூஸும் மட்டும் அன்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன. விலை உயர்ந்த செட்டைக் கழற்றுவதற்கு முன் விலை குறைந்த இந்த இரண்டையும் பார்ப்பவரே நல்ல மெக்கானிக். விடியும் முன்பே மலையேறும் ஜீப்பில் பாட்டுக் கேட்டபடி உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் அந்தச் சிறு கம்பித் துண்டை நம்பியும் இருக்கிறது.