கூத்துச் சத்தத்துக்குப் பின்னால் 1,300 ஆண்டுக் கதை



பங்குனி பிறந்தால் நம் மொட்டை மாடி வரை மிருதங்கமும் முகவீணையும் கேட்கும். மறுநாள் காலை நம் வாட்ஸ்அப் குழுவில் "ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை" என்ற பதிவுகளும் வரும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்ப்போமா?

நாடகத்தின் பிறப்பிடம் கிரேக்கம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஏதென்ஸ் நகரில் டயோனிசஸ் என்ற தெய்வத்துக்கு வசந்த காலத்தில் விழா எடுத்தார்கள். பாடகர் குழு பாடி ஆடும். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தெஸ்பிஸ் என்பவர் அந்தக் குழுவிலிருந்து பிரிந்து நின்று ஒரு பாத்திரமாகவே பேசினார் என்பது மரபு. எஸ்கிலஸ் இரண்டாவது நடிகரையும், சோஃபக்ளிஸ் மூன்றாவது நடிகரையும் சேர்த்தார்கள். நடிகர்களுக்கு முகமூடி உண்டு. பெண் வேடமும் ஆண்களுக்கே. கொலைகள் பெரும்பாலும் மேடைக்கு வெளியே நடக்கும். தூதுவன் வந்து சொல்வான்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. முகமூடிக்குப் பதில் அடர்த்தியான முக ஒப்பனை. மரத்தில் செய்து கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும்தான் அரசனுக்கு அடையாளம். இந்தக் கட்டைகளால்தான் கட்டைக்கூத்து என்ற பெயர். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் தன்னைப் பாடி அறிமுகப்படுத்திக்கொள்வார். பாடகர் குழுவின் வேலையைப் பின்பாட்டுக்காரர்கள் செய்கிறார்கள். கட்டியங்காரன் கதைக்குள்ளும் இருப்பான், நம்மோடும் பேசுவான்.

ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. இங்கே துரியோதனன் சாவைத் தூதுவன் வந்து சொல்வதில்லை. படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய உருவம் கிடக்க, ஊரே சுற்றி நிற்க, தொடை பிளக்கப்படும். திரௌபதி கூந்தல் முடிவாள்.

பாரதத்துக்கும் கூரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மன் அளித்த கூரம் செப்பேடு, இவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்குப் பங்கு ஒதுக்கியது. அதே நூற்றாண்டில் அவன் முப்பாட்டன் முதலாம் மகேந்திரவர்மன் காஞ்சியைக் களமாக வைத்து 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகமே எழுதினான். அந்த வாசிப்பிலிருந்துதான் கூத்து பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாரதம் கேட்பதற்கு ஊர்ச் சொத்தில் பங்கு வைத்த மண் இது.

ஏதென்ஸில் அரங்கின் கற்படிகள் இன்றும் இருக்கின்றன. அந்த ஆட்டமும் இசையும் தொடர்ச்சியாக நம்மிடம் வந்து சேரவில்லை. நம்மிடம் கல் அரங்கு இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம், பள்ளிப் படிப்போடு கூத்தையும் சொல்லிக்கொடுத்தது. பெண் பிள்ளைகளும் கற்றார்கள். அது 2020இல் மூடப்பட்டது. கூத்துக்காரர்களுக்கு வருமானம் தரும் மாதங்களும் சிலவே.

ஒலிபெருக்கியின் அளவைக் குறைக்கச் சொல்வது நம் உரிமை. ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் போய்க் கேட்கலாம். கூத்தையே நிறுத்தச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை சத்தம் கேட்டால், ஒரு பாயும் சால்வையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு இறங்கிப் போய்ப் பாருங்கள். டிக்கெட் கிடையாது. விடியும்வரை உட்கார முடியாவிட்டாலும், திரை விலகி முதல் வேடம் வரும்வரையாவது இருங்கள்.