மன்னார்க் கரையில் மாரியின் வருகை

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவப் பெருந்தகை. அவ்வைப்பு முறையின் பொருளை நீர்வளம் மிக்க நாட்டில் வாழ்வோரினும் வறண்ட நிலத்தில் வாழ்வோரே நன்குணர்வர். ஈழத்தின் வடமேற்கே கிடக்கும் மன்னார்த் தீவும் அதனை எதிர்நோக்கும் பெருநிலக் கரையும் அத்தகைய நிலங்களாம். தென்மேற்குப் பருவக் காற்று இங்கு வீசுமாயினும், முகிலைத் தடுத்து மழையாக்கும் மலை இக்கரையில் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவம் தரும் மழையே இந்நிலத்தின் பெருமுதல். இச்சிறு காலத்து மழையைப் போற்றிய முறையே இப்பகுதியின் வரலாற்றுக்கு அச்சாணியாய் அமைந்தது என்பதை இக்கட்டுரை காட்ட முயலும்.

முதற்கண் காற்றை நோக்குவோம். சோளகம் வீசுங்கால் மன்னார்க் குடா கொந்தளிக்கும். வாடை வீசுங்கால் வடபாற் கடல் கொந்தளிக்கும். இம்மாற்றத்தைக் கணித்தே பரதவர் தம் தொழிலை வகுத்தனர். மேலைத்தேய வணிகரும் தம் வரவையும் செலவையும் வகுத்தனர். தென்மேற்குக் காற்றோடு கீழ்த்திசை போந்த மரக்கலங்கள் வாடைக் காற்றோடு மீண்டன. பெருங்கலங்கள் கடத்தற்கரிய ஆழமற்ற கடல் அருகே கிடந்தமையால், மாந்தைத் துறை பண்டம் மாற்றும் பெருநகராயிற்று. 1980 முதல் 1984 வரை அங்கு நடைபெற்ற அகழாய்வில் சீன நாட்டு மட்கலங்களும் மேற்காசிய மட்கலங்களும் கிடைத்தன. அந்நகரை அடுத்துள்ள திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடிப் பரவினர்.

இரு பருவங்களுக்கும் இடையே கடல் அமைதியுறும் மாசி, பங்குனி, சித்திரைத் திங்கள்களில் முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகள் அக்காலத்தே நகரங்களாகி, பின்னர் மீண்டும் மணல்வெளியாகும். 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன.

ஆயினும் கடல் தரும் செல்வம் நிலையற்றது. நிலைத்த வாழ்வுக்கு நெல் வேண்டும்; நெல்லுக்கு நீர் வேண்டும். மூன்று திங்கள் பெய்து ஒழியும் மழையை ஆண்டு முழுதும் வைத்துக் காப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு முன்னோர் கூறிய விடையே கட்டுக்கரைக் குளம். பாளி நூல்கள் கடம்ப நதி எனக் குறிக்கும் அருவியாறு, அனுராதபுரத்தை அணைந்து வந்து அரிப்புக்கு அருகே கடலிற் கலக்கின்றது. அவ்வாற்றின் குறுக்கே தேக்கம் என்னுமிடத்திற் கல்லணை கட்டி, வாய்க்கால் வழியே நீரைத் திருப்பினர். தன்மேற் பெய்யும் மழை போதாதென்று கண்டு, தொலைவிற் பெய்த மழையையும் ஆற்றின்வழி அழைத்துக்கொண்ட திறம் இது. ஆழம் குறைந்து அகலம் மிகுந்த இக்குளத்தின் நீர் ஊர்தோறும் உள்ள சிறுகுளங்கள் பலவற்றை நிரப்பிப் பின்னர் வயல்களைச் சேர்ந்தது. தாதுசேன மன்னன் காலத்தது இக்குளம் என்பது மரபு.

காலப்போக்கிற் கரை உடைந்தது, அணை சிதைந்தது, குளம் காடாயிற்று. மழையோ வழக்கம்போற் பெய்தது. பெய்த நீர் கடலுக்கே போயிற்று. 1859 இல் இலங்கை பற்றிய தம் பெருநூலை வெளியிட்ட எமேர்சன் ரெனன்ற், பண்டையோர் மட்டக்கணக்கிற் பிழை செய்தமையால் இக்குளம் பயன்படாது போயிற்று எனக் கருதினார். பின்னர் நீர்ப்பாசனப் பொறியாளர் ஹென்றி பாக்கர் நிலத்தை அளந்து ஆராய்ந்தார். பிழைத்தது பண்டையோர் கணக்கன்று, பின்வந்தோர் தீர்ப்பே என்பது அதனாற் புலனாயிற்று. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் குளம் திருத்தப்பெற்றது; வயல்கள் மீண்டும் விளைந்தன. ஓர் இனத்தாரின் அறிவை அளவாமல் இகழ்தல் வரலாற்றாசிரியனுக்கு அடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

எனினும் மாரி என்றும் அருளுருவாய் மட்டும் வருவதில்லை. 1964 ஆம் ஆண்டு மார்கழித் திங்களில், டிசம்பர் 22, 23 ஆம் நாட்களில், இப்பருவத்திலேயே எழுந்த பெரும்புயல் வட ஈழத்தைக் கடந்து மன்னாரைத் தாக்கி, எதிர்க்கரையில் தனுக்கோடியை அழித்தது. 1914 முதல் தலைமன்னாரையும் தனுக்கோடியையும் இணைத்து வந்த கப்பல்வழி அத்துடன் அற்றது. ஓராண்டு உணவைத் தரும் வானமே ஓரிரவில் ஓர் ஊரை வாங்கிக்கொண்டது.

ஆகவே, மாரியின் வருகை மனிதன் ஆணைக்கு உட்பட்டதன்று. வந்த மாரியை ஏற்கும் ஆயத்தமே அவன் கையில் உள்ளது. ஒரே மழை பெய்த ஒரே நிலம், கரை காக்கப்பட்ட காலத்தில் நெல்வயலாகவும், கரை உடைந்த காலத்திற் காடாகவும் இருந்தது. இடையில் மாறியது வானமன்று, மனிதர் முயற்சியே. ஐப்பசி முகில் கண்டு மகிழும் மன்னார் உழவன், அம்முகில் வருமுன்னரே தன் குளக்கரையைச் சென்று நோக்குவானாக. அதுவே இக்கரையின் வரலாறு அவனுக்கும் நமக்கும் கற்பிக்கும் பாடம்.