சமுதாயச் செவிலியப் பணி, வேலூர்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து வளர்ந்த சமுதாயச் செவிலியப் பணியாவது, பிணியாளர் மருத்துவமனையை நாடி வரும்வரை காத்திராது, அவர்தம் இல்லங்களுக்கே சென்று பேறுகாலப் பராமரிப்பும் சிசு சம்ரட்சணையும் நோய்த்தடுப்பும் நல்கும் சேவையாகும். கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் பாதையோரங்களில் நடத்திய வைத்தியசாலைகளே இதன் மூலம். 1909-இல் செவிலியர் பள்ளியும் 1946-இல் பட்டப்படிப்பும் தோன்றின. கணியம்பாடி வட்டாரத்தில், கிராம சுகாதாரப் பணிப்பெண், சுகாதார உதவியாளர், செவிலியர், மருத்துவர் என்னும் நான்கடுக்கு முறையில், ஒருவர் திரட்டிய கர்ப்ப, பிறப்பு, மரண விவரங்களை அடுத்தவர் சரிபார்ப்பர். பணியை இடையறாது பரிசீலித்துத் திருத்தியமைக்க இதனினும் சிறந்த ஏற்பாடு அரிது. இதே கல்லூரி 1977-இல் கே.வி. குப்பத்தில் தொடங்கிய ‘ரூசா’ திட்டம் சுகாதாரத்தோடு கிராம அபிவிருத்தியையும் பிணைத்தது. இவ்வாறே இல்லம் தேடிச் சென்று, 2021 முதல் தமிழகமெங்கும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தினை இல்லத்திலேயே வழங்குவது அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமாகும்.