சுருட்டு கடல் கடந்த கதை

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் வழியாகக் குஜிலியம்பாறை நோக்கிச் செல்வோர் காண்பது பெரும்பாலும் வானம் பார்த்த பூமியே. ஆயினும் கிணற்று நீர் பாயும் தோட்டங்களும் இடையிடையே உண்டு. இவ்வட்டாரத் தோட்டங்களில் பெயர்பெற்ற பயிர் புகையிலை. வேடசந்தூரில் 1948-ஆம் ஆண்டிலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என உலகறிந்த சரக்கிற்கும் திண்டுக்கல் பகுதியே இலை வழங்கியது.

ஆங்கிலத்தில் 'செரூட்' என்றொரு சொல் உண்டு. இரு முனையும் வெட்டப்பட்ட சுருட்டையே அது குறிக்கும். அச்சொல் நம்முடையது என்பதற்குச் சான்று யாது? ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. 'சிகார்' என்னும் சொல்லும் சகரத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அது ஸ்பானிய மொழி வழியே வந்தது.

முதலாவது சான்று இலக்கணம். உருள், உருட்டு என்பன போலச் சுருள் என்பது தன்வினை. சுருட்டு என்பது பிறவினை. சுருட்டப்பட்ட பொருளுக்கு அத்தொழிலின் பெயரே பெயராயிற்று, இது தொழிலாகுபெயர். ஆங்கிலத்திலோ 'செரூட்' என்பதைப் பகுத்துப் பொருள் காண இயலாது.

இரண்டாவது சான்று வரலாறு. புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தவர் போர்த்துக்கேயர். 1669 முதல் 1679 வரை கீழைக் கடல்களில் வணிகம் செய்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கிலேயர், சோழமண்டலக் கரையின் ஏழை மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டு எழுதினார். போர்த்துக்கேயர் அதனை அழைக்கும் பெயரையும் குறித்தார். அதுவே இச்சொல். யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியும் இதன் மூலம் தமிழே என்றது. 1890-இல் கிப்ளிங் பர்மாவைப் பற்றிய தம் பாடலில் இச்சொல்லை ஆண்டபோது, அது முற்றும் ஆங்கிலச் சொல்லாகவே ஆகிவிட்டிருந்தது.

பயிரை அவர்கள் தந்தனர். பெயரை நாம் தந்தோம். அப்பெயரைத் தந்தவர் புலவர் அல்லர்; இலையைக் கையாற் சுருட்டிய எளிய மக்கள். அவர்தம் பெயர் எந்த அகராதியிலும் இல்லை. அவர்தம் சொல் மட்டும் நின்று நிலவுகிறது.

புகையிலை புற்றுநோய்க்குக் காரணமாவது என்பதை இன்று ஐயமின்றி அறிவோம். ஆதலின் பொருளை விலக்குக. சொல்லின் வரலாற்றைக் கற்க. நும் ஊரில் உழவரும் கைவினைஞரும் வழங்கும் தொழிற்சொற்களைக் கேட்டு எழுதி வைப்பீராக. எழுதாத சொல், தொழில் மறையுங்கால் தானும் மறையும். ஒரு சொல் தமிழ் என்று கூறுமுன், எப்பொழுது, எவர் வாயிலாக, எவ்வழியே சென்றது என வினவுக. சான்றில்லாப் பெருமை பிறர் முன் நில்லாது. சான்றுடைய ஒரு சொல்லே போதும்.